கழித்துக் காட்டாத கணக்கு: டெரன்ஸ் டேவிஸின் படங்கள்

பிரிட்டிஷ் சினிமாக்காரர் டெரன்ஸ் டேவிஸ் பற்றிப் பேச்சு வந்தாலே பழைய காலத்தை நினைத்து உருகுகிற இயக்குநர் என்று சொல்லிவிடுகிறார்கள். மழையில் நனைந்த செங்கல் வீடுகள், பப்பில் கூடிப் பாடும் பெண்கள், வானொலி, சர்ச், அம்மா. மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். எனக்கு அதில் உடன்பாடில்லை. இவ்வளவு கறாராகப் பழையதைத் திரும்பிப் பார்த்தவர்கள் சினிமாவில் ரொம்பக் குறைவு.

எனக்கு இப்படித் தோன்றுவதற்கு என் தொழிலும் காரணமாக இருக்கலாம். நான் கணக்குத் தணிக்கையில் இருப்பவன். எங்கள் வேலையில் ஆரம்பத்திலேயே மண்டையில் ஏற்றுகிற விதி ஒன்று உண்டு. ஒருவர் உங்களுக்குத் தர வேண்டியது ஒரு தொகை, நீங்கள் அவருக்குத் தர வேண்டியது இன்னொரு தொகை என்றால், தோன்றியபடி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் ஏட்டில் காட்டக் கூடாது. இரண்டையும் முழுசாக, தனித்தனியாகக் காட்ட வேண்டும். பெரும்பாலான குடும்பப் படங்கள் இந்தக் கழித்தல் வேலையைத்தான் செய்கின்றன. அப்பா அடித்தார், ஆனால் பாசமும் வைத்திருந்தார், ஆகவே மன்னித்துவிடலாம். இல்லையென்றால், பாசம் இருந்ததுபோல் தெரிந்தது, ஆனால் அடித்தாரே, ஆகவே கெட்டவர். டேவிஸ் கழிக்கவே மாட்டார். அடி ஒரு பக்கம், பாசம் ஒரு பக்கம், இரண்டும் முழுத் தொகையோடு அப்படியே நிற்கும்.

அவரும் கணக்கு எழுதியவர்தான். 1945இல் லிவர்பூலின் கென்சிங்டன் பகுதியில், ஏழைக் கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பத்தில் பத்துப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். பிழைத்தவர்கள் ஏழு பேர். அப்பா வீட்டையே நடுங்க வைத்த மனிதர். டேவிஸ் சின்னப் பையனாக இருந்தபோதே புற்றுநோயில் இறந்துபோனார். பள்ளிப் படிப்பு பதினைந்து, பதினாறு வயதோடு முடிந்தது. கப்பல் அலுவலகத்தில் குமாஸ்தா, அப்புறம் கணக்காளர் அலுவலகத்தில் பேரேடு எழுதும் வேலை என்று பத்து வருடத்துக்கு மேல் ஓட்டினார். 1970களின் தொடக்கத்தில் வேலையை உதறிவிட்டு கவென்ட்ரி நாடகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே எழுதிய திரைக்கதைக்கு பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் பணம் கொடுத்தது. இப்படித்தான் அவர் சினிமாவுக்குள் வந்தார்.

முதலில் பார்க்க வேண்டியது 1988இல் வந்த 'டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்'. ஆரம்பத்தில் மழைச் சத்தம். வானொலியில் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை. ஒரு பெண் கதவைத் திறந்து வாசலில் இருக்கும் பால் பாட்டில்களை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள். மாடிப்படியின் கீழே நின்று பிள்ளைகளை எழுப்புகிறாள். கேமரா வீட்டுக்குள் வந்து அந்த மாடிப்படியைப் பார்த்தபடி நிற்கிறது. காலடிச் சத்தம் இறங்கி வருகிறது, காலை வணக்கம் சொல்லும் குரல்கள் கேட்கின்றன. படியில் மட்டும் ஆளே இல்லை. அம்மா பாடுவது கேட்கிறது, அம்மாவும் இல்லை. பிறகு கேமரா மெல்லத் திரும்பி, தான் உள்ளே வந்த கதவையே பார்க்கிறது. கதவு திறந்திருக்க, வெளியே சவ வண்டி வந்து நிற்கிறது.

இதை முதல் தடவை பார்ப்பவர்கள் பேய்ப்படமோ என்று நினைத்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வெறும் படிக்கட்டைக் காட்டி, அதில் ஒரு குடும்பம் இறங்கி வருவதைக் காதில் மட்டும் கேட்க வைத்தால், இந்த வீடும் இந்த மனிதர்களும் இப்போது இல்லை என்று யாரும் வசனம் பேசிச் சொல்ல வேண்டியதில்லை. டேவிஸ் வளர்ந்த வீடு நிஜமாகவே இடிக்கப்பட்டுவிட்டது.

இந்தப் படத்தில் டேவிஸே இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐலீன், மெய்சி, டோனி என்று மூன்று பிள்ளைகள்தான் வருகிறார்கள். கடைக்குட்டிப் பையன் கிடையாது. படத்தில் வருகிற கொடுமைகளில் பெரும்பகுதி, அவர் பிறப்பதற்கு முன்போ கைக்குழந்தையாக இருந்தபோதோ நடந்தவை. அம்மாவும் அக்கா அண்ணன்மார்களும் திரும்பத் திரும்பச் சொல்லக் கேட்டு, தன் நினைவுபோலவே சுமந்துகொண்டிருந்தவற்றை எடுத்திருக்கிறார். படத்தில் காலவரிசை இல்லாததற்கும் இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. வீட்டில் கதை சொல்கிறவர்கள் தேதிவாரியாகச் சொல்வதில்லை. கல்யாணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அது சாவில் போய் நிற்கும், அங்கிருந்து ஒரு கிறிஸ்துமஸுக்குத் தாவும். படமும் அப்படியே நகர்கிறது. காட்சிக்குக் காட்சி 'ஆகவே' என்று இணைப்பதில்லை. ஒரு பாட்டு, ஒரு முகம், ஒரு வாசற்படி அடுத்ததை இழுத்துக்கொண்டு வருகிறது.

ஜன்னல் துடைக்கும் காட்சிக்கு வருகிறேன். இந்த ஒரு காட்சியைப் புரிந்துகொண்டால் மொத்த டேவிஸும் பிடிபட்டுவிடுவார்.

அம்மா மாடி ஜன்னலின் வெளி விளிம்பில் உட்கார்ந்து, உடம்பின் பாதி வெளியிலும் கால்கள் உள்ளேயுமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். கீழே விழுந்துவிடக் கூடாதே என்று பிள்ளையின் குரல் வேண்டிக்கொள்கிறது. எல்லா அம்மாக்களும் செய்கிற வீட்டு வேலை. ஆனால் ஒரு குழந்தையின் கண்ணுக்கு அதில் உயிர்ப்பயம் இருக்கிறது. ஏன் அப்பாவைக் கட்டிக்கொண்டாய் என்று மகளின் குரல் கேட்கிறது. நன்றாக இருந்தார், நன்றாக நடனம் ஆடுவார் என்கிறாள் அம்மா. பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் குரலில் 'டேக்கிங் எ சான்ஸ் ஆன் லவ்' பாட்டு ஓடுகிறது. காதலை நம்பி இன்னொரு தடவை இறங்கிப் பார்க்கிறேன் என்கிற குதூகலமான பாட்டு. அடுத்த ஷாட்டில் அந்த ஆள் அவளைப் போட்டு அடிக்கிறான், அவள் கதறுகிறாள். பாட்டு நிற்கவில்லை. ஒலியும் குறையவில்லை, சோக இசையாக மாறவும் இல்லை. அதே தாளத்தில் ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடிக்கொண்டே இருக்கிறார். அதற்கடுத்து அவள் முகமும் கைகளும் கன்றிப்போயிருக்க, மரச்சாமானைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு. பாட்டு இன்னும் முடியவில்லை.

இந்த இடத்தில் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பாட்டை நிறுத்திவிட்டு அடியின் சத்தத்தை மட்டும் விடுவார்கள். அதில் ஒரு நேர்மை இருக்கும். அல்லது பாட்டை எகத்தாளமாக வைப்பார்கள், 'பார்த்தீர்களா, காதல் என்று பாடுகிறார்கள், நடப்பது இதுதான்' என்று. டேவிஸ் எகத்தாளம் செய்யவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தப் பாட்டை அவர் மனசார நேசித்தவர். அந்தப் பெண்ணுக்கும் அந்தப் பாட்டு பிடிக்கும். அடி வாங்கியதால் பாட்டு பொய்யாகிவிடாது, பாட்டு இருப்பதால் அடியும் லேசாகிவிடாது. இரண்டையும் கழிக்காமல் காட்டு என்று மேலே சொன்னேனே, அதன் முழு வடிவம் இது.

அப்பாவாக நடித்த பீட் போஸ்ல்த்வெயிட்டையும் அப்படித்தான் நடத்துகிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, சின்ன மரம் ஒன்றை அலங்கரித்து வைத்துவிட்டு, தூங்கும் பிள்ளைகளைப் பார்த்து, ஆண்டவர் உங்களைக் காக்கட்டும் என்று குரல் தழுதழுக்கச் சொல்கிறார். அடுத்து, சாப்பாட்டு மேசை. பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் திடீரென மேசைவிரிப்பைப் பிடித்து இழுத்து, அத்தனை உணவையும் தரையில் கொட்டிவிட்டு, வந்து சுத்தம் செய் என்று மனைவியைப் பார்த்துக் கத்துகிறார். ஏன் என்று நமக்குத் தெரியாது. கடைசி வரை தெரியாது. அவருடைய சின்ன வயதுக் கதையைச் சொல்லி நியாயப்படுத்துகிற காட்சி எதுவும் கிடையாது. இன்னொரு இடத்தில், குதிரையைத் தேய்த்து விட்டபடி ஒரு ஐரிஷ் பாட்டைப் பாடுகிறார். பிள்ளைகள் மேலே பரணில் படுத்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் இருப்பது பயம் மட்டும் அல்ல. அந்த மனிதரை நேசிக்க அந்தத் தூரம் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

ஐலீன் கல்யாணத்தன்று அப்பா உயிரோடு இருந்திருக்கலாமே என்கிறாள். பக்கத்தில் நிற்கும் மெய்சியின் மனக்குரல், எனக்கு அப்படி இல்லை, அந்த ஆளை நான் வெறுத்தேன் என்கிறது. ஒரே வீடு, ஒரே அப்பா. யார் சொல்வது சரி என்று படம் தீர்ப்புச் சொல்வதில்லை. இத்தனைக்கும் ஐலீன் அடி வாங்காதவள் அல்ல. போர்க்காலத்தில் குண்டு விழும் நேரத்தில் பதுங்கிடத்துக்குத் தாமதமாக ஓடிவந்த குழந்தைகளில் அவளைத்தான் அப்பா ஓங்கி அறைகிறார். அறைந்த கையோடு, பாடு என்கிறார். அந்தச் சின்னப் பெண் நடுங்கும் குரலில் 'ரோல் அவுட் தி பேரல்' பாட ஆரம்பிக்க, பதுங்கிடம் முழுக்கச் சேர்ந்து பாடுகிறது.

பாட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் டேவிஸைப் பற்றி எழுதவே முடியாது. பாட்டும் படமுமாகவே வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் இவர் படத்தில் பாட்டு வரும் விதம் நமக்குப் புதிதாக இருக்கும். நம் படங்களில் பாட்டு வந்தால் கதை கொஞ்சம் ஓரமாக நிற்கும், குரல் வேறு யாருடையதாகவோ இருக்கும். இங்கே கல்யாணத்திலும் ஞானஸ்நான விருந்திலும் பப்பிலும் உட்கார்ந்திருக்கிற பெண்கள், கையில் கோப்பையோடு, பக்கவாத்தியம் இல்லாமல், சொந்தக் குரலில் பாடுகிறார்கள். சிலர் சுருதி விலகுகிறார்கள். அதை அவர் சரி செய்யவில்லை. படத்தின் இரண்டாம் பாதியில் ஏறக்குறைய பாதி நேரம் பாட்டுதான். கேமரா முகம் முகமாக நகர்கிறது. ஐலீனின் தோழிகள் கலகலப்பாக வந்து போகிறார்கள். கணவன்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, கிளம்பலாம் என்கிறார்கள். அப்பா செத்துவிட்டார், ஆனால் அப்பாவின் சின்னச் சின்னப் பதிப்புகள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்துவிட்டன. இதை எந்தப் பெண்ணும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தன் முறை வரும்போது ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்கிறாள், அவ்வளவுதான். எந்தப் பாட்டு, யாரைப் பார்த்துப் பாடுகிறாள் என்பதில் எல்லாம் இருக்கிறது.

படம் எடுத்த விதமும் விசித்திரம். முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் நடுவே இரண்டு வருட இடைவெளி. பணம் அப்படித்தான் கிடைத்தது. நடிகர்கள் அதேதான், தொழில்நுட்பக் குழுவில் பலர் வேறு. பிலிமைக் கழுவும்போது வழக்கமாக நீக்கும் வெள்ளியை நீக்காமல் விட்டுவிடும் முறை ஒன்று உண்டு, பிளீச் பைபாஸ் என்பார்கள். அதில் நிறங்கள் வற்றி, கறுப்பு அடர்த்தியாகும். பழைய கைவண்ணம் பூசிய புகைப்படத்தின் பழுப்பு படம் முழுக்க இருப்பது அதனால்தான். ஆட்களை நிறுத்துவதும் புகைப்பட நிலையத்தில் நிறுத்துவதுபோலத்தான். நேராக, வரிசையாக, கேமராவைப் பார்த்து. கேமரா அசைந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். படம் வந்த 1988இலேயே சுவிட்சர்லாந்தின் லோகார்னோ திரைப்பட விழாவில் தங்கச் சிறுத்தை விருது கிடைத்தது.

சரி, இப்போது ஒரு தரைவிரிப்பைப் பற்றி.

1992இல் வந்த 'தி லாங் டே க்ளோசஸ்' படத்தை என் தம்பிக்கு வற்புறுத்திப் போட்டுக் காட்டினேன். அவன் ஆக்‌ஷன் படம் பார்ப்பவன் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல வாசகன், பொறுமைசாலி. படத்தில் ஓர் இடத்தில் கேமரா வீட்டுத் தரைவிரிப்பைப் பார்க்கிறது. ஜன்னல் வழியாக விழும் வெயில் அதில் ஒரு கட்டமாகக் கிடக்கிறது. மேகம் வருகிறது, வெளிச்சம் மங்குகிறது. மேகம் போகிறது, வெளிச்சம் திரும்புகிறது. மறுபடி மங்குகிறது. நிமிடக்கணக்கில் இதேதான். "அண்ணா, படம் ஸ்டக் ஆயிடுச்சா?" என்றான் தம்பி. இல்லை என்றேன். "அப்ப டைரக்டர்தான் ஸ்டக் ஆயிட்டார்" என்றான்.

நியாயமான கிண்டல். அதற்குப் பதில் சொல்ல அப்போது எனக்கு வரவில்லை, இப்போது எழுதிப் பார்க்கிறேன். அந்த ஷாட்டில் முதல் பதினைந்து விநாடி நாம் விரிப்பைப் பார்க்கிறோம். பூப்போட்ட டிசைன், தேய்ந்த இடங்கள். அப்புறம் சலிப்பு. சலிப்பைத் தாண்டினால் வெளிச்சம் மாறுவதற்காகக் காத்திருக்க ஆரம்பிக்கிறோம். மங்கும்போது ஏதோ ஓர் இழப்பு, திரும்பும்போது காரணமில்லாத சந்தோஷம். பதினோரு வயதுப் பையனுக்கு வேலையும் இல்லை, போக இடமும் இல்லை, விளையாடக் கூட்டாளியும் இல்லை என்றால், நீண்ட மதியங்களில் அவன் இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். தனிமையில் இருக்கும் பையனைக் காட்டியிருந்தால் நாம் அவனுக்காகப் பரிதாபப்பட்டிருப்போம். அவன் பார்த்ததை, அவன் பார்த்த நேரம் முழுக்க நம்மைப் பார்க்க வைத்தால் பரிதாபத்துக்கு வேலையில்லை. தம்பி இதை ஏற்றுக்கொள்வானா என்பது வேறு விஷயம்.

இந்தப் படத்தில்தான் டேவிஸ் தன்னையே கொண்டுவருகிறார், பட் என்ற பெயரில். 1950களின் நடுப்பகுதி. அப்பா இறந்துவிட்டார், வீட்டில் நிம்மதி வந்துவிட்டது. அம்மா, அக்கா, அண்ணன்கள், சினிமா. தன் வாழ்க்கையின் உண்மையான சந்தோஷ காலம் அதுதான் என்று டேவிஸ் பேட்டிகளில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பார்த்த முதல் படம் 'சிங்கின் இன் தி ரெய்ன்', ஏழு வயதில். பார்த்து அழுதாராம்.

அந்தச் சந்தோஷத்தின் உச்சம் டெபி ரெனால்ட்ஸ் பாடிய 'டாமி' பாட்டுக்கு அமைத்த காட்சி. கேமரா தலைக்கு மேலிருந்து செங்குத்தாகக் கீழே பார்க்கிறது. வாசலில் ஓர் இரும்புக் கம்பியைப் பிடித்துத் தனியாக ஊஞ்சலாடிக்கொண்டிருக்கிறான் பட். கேமரா பக்கவாட்டில் நகர, அவன் இருந்த இடம் கரைந்து சினிமா கொட்டகை ஆகிறது: தலைகள், புகை, புரொஜெக்டரின் ஒளிக்கற்றை. அது கரைந்து சர்ச், மண்டியிட்டவர்கள். அது கரைந்து வகுப்பறை, வரிசை வரிசையாக மேசைகள். எல்லாமே ஒரே உயரத்திலிருந்து, ஒரே வேகத்தில். அந்தப் பையனின் உலகம் இந்த நான்கு இடங்கள்தான், வாசலைத் தவிர மற்ற மூன்றிலும் அவன் செய்வது ஒன்றேதான்: வரிசையில் உட்கார்ந்து மேலேயிருக்கும் ஒன்றை அண்ணாந்து பார்ப்பது. பார்ப்பவர்கள் இதை இனிமையான காட்சி என்பார்கள். இனிமைதான். ஆனால் மேலேயிருந்து பார்க்கும் அந்தக் கண் யாருடையது? கத்தோலிக்கப் பையனுக்கு அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு, அந்தப் பதில் அவனுக்குப் பயத்தைத் தரும்.

ஏனென்றால் அவனுக்கு ஒரு ரகசியம் இருக்கிறது. எதிரே கட்டட வேலை செய்யும் ஒரு கொத்தனார், சட்டையில்லாமல். பட் ஜன்னலிலிருந்து பார்க்கிறான். கொத்தனார் கண்ணடிக்கிறான், நட்பாகத்தான். பையனின் முகம் கூசிப்போகிறது. அதே நடிகர்தான் பின்னர் சர்ச்சில் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவாக வருகிறார். இதற்கு வசனம் எதுவும் கிடையாது, விளக்கமும் கிடையாது. ஆசையும் பாவமும் ஒரே உடம்பில் வந்து உட்கார்ந்துவிட்டதைச் சொல்ல இரண்டு காட்சிகள் போதுமானதாக இருந்தது.

தன்பால் ஈர்ப்பு இங்கிலாந்தில் குற்றமாக இருந்த காலத்தில் வளர்ந்தவர் அவர். 1967இல்தான் சட்டம் மாறியது, அதுவும் இருபத்தொரு வயது தாண்டிய ஆண்களுக்கு, அந்தரங்கத்தில் மட்டும். முழங்கால் ரத்தம் கசியும்வரை ஜெபித்ததாகச் சொல்லியிருக்கிறார். இருபத்திரண்டு வயதில் சர்ச்சுக்குப் போவதை விட்டார். குற்றவுணர்ச்சி மட்டும் அவரை விடவில்லை. தன் இயல்பு தன் வாழ்க்கையையே கெடுத்துவிட்டது என்று கடைசிவரை வெளிப்படையாகவே பேசினார். அப்படி அவர் பேசியது பலருக்குச் சங்கடமாக இருந்தது. இந்தக் காலத்தில் எல்லோரும் எதிர்பார்ப்பது விடுதலைக் கதை. அவர் அதைத் தரவில்லை, தராததை மறைக்கவும் இல்லை.

அந்த வலியின் பச்சை வடிவம் வேண்டுமென்றால் அவருடைய ஆரம்பகால மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்க்க வேண்டும்: 'சில்ட்ரன்' (1976), 'மடோனா அண்ட் சைல்ட்' (1980), 'டெத் அண்ட் டிரான்ஸ்ஃபிகரேஷன்' (1983). ராபர்ட் டக்கர் என்ற ஒருவனின் பள்ளிப் பருவம், குமாஸ்தா வாழ்க்கை, மருத்துவமனைச் சாவு. முதல் படத்தில் ஒரு பஸ் காட்சி. அம்மாவும் பையனும் உட்கார்ந்திருக்கிறார்கள், ஜன்னலுக்கு வெளியே தெரு ஓடுகிறது. ரொம்ப நேரம் எதுவுமே இல்லை. பிறகு அம்மா அழ ஆரம்பிக்கிறாள். கேமரா கிட்டே போகவில்லை. பையனும் அவளைத் தேற்றவில்லை, அவனுக்கு அது தெரியாது. பின்னால் வந்த அத்தனை மேதைமையும் இந்த பஸ்ஸில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் மூன்றையும் ஒரே மூச்சில் பார்க்கச் சொல்ல மாட்டேன், ரொம்பவே இருட்டு.

இத்தனை செய்தவருக்குப் பணம் கிடைப்பது மட்டும் எப்போதும் பெரும்பாடாக இருந்தது. 2000இல் 'தி ஹவுஸ் ஆஃப் மிர்த்' வந்தது. அடுத்த படம் 2008இல்தான். எட்டு வருடம் வாசல் வாசலாக ஏறி இறங்கியிருக்கிறார். அந்த 2008 படமும், லிவர்பூல் அந்த வருடத்துக்கான ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்ததையொட்டி, சிறிய செலவுப் படங்களுக்கென்று ஒதுக்கிய நிதியில் எடுத்ததுதான். இரண்டரை லட்சம் பவுண்டு. பெயர் 'ஆஃப் டைம் அண்ட் தி சிட்டி'. பெரும்பாலும் பழைய ஆவணக் காட்சிகள், மேலே அவருடைய சொந்தக் குரல்.

இந்தக் குரலைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். லிவர்பூல் உச்சரிப்பு போன இடம் தெரியவில்லை. நாடக மேடைக் கம்பீரம், திடீரென்று கடுகடுப்பு, திடீரென்று செபமாலைபோலக் கவிதை வரிகள். அரச குடும்பத்தை வாங்கு வாங்கென்று வாங்குகிறார், கத்தோலிக்கத் திருச்சபையையும் விடவில்லை. பீட்டில்ஸையும் கிண்டலடிக்கிறார். லிவர்பூல்காரர் ஒருவர் பீட்டில்ஸைக் கிண்டலடிப்பதைக் கேட்பது வேடிக்கையாக இருந்தாலும், இங்கே அவர் செய்வது அநியாயம் என்பதுதான் என் அபிப்பிராயம். தன் அக்காமார் பாடியதை அவ்வளவு மதித்தவர், அடுத்த தலைமுறைப் பெண்கள் வேறு ஒரு பாட்டுக்கு அலறியதை மதித்திருக்கலாம். ஆனால் அதே படத்தில், பாடகி பெகி லீயின் 'தி ஃபோக்ஸ் ஹூ லிவ் ஆன் தி ஹில்' பாட்டு வரும் பகுதி இருக்கிறது. மலைமேல் வீடு கட்டி வாழலாம் என்று அந்தக் குரல் கனவு காண, திரையில் பழைய தெருக்கள் போய் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுகின்றன. ஏழைகளுக்கென்று கட்டியவை, பார்க்கப் பார்க்கச் சிறைச்சாலை மாதிரி. பழைய சேரிகளை அவர் புனிதப்படுத்தவில்லை. அந்த அழுக்கும் நெரிசலும் திரையிலேயே இருக்கின்றன. புதியதையும் மன்னிக்கவில்லை.

மற்றவர்கள் எழுதியதையும் எழுத்தாளர்களின் வாழ்க்கையையும் வைத்து எடுத்த படங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'தி நியான் பைபிள்' (1995) சரியாக வரவில்லை, அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். 'தி ஹவுஸ் ஆஃப் மிர்த்'தில் துணி போர்த்திய நாற்காலிகள் இருக்கும் பூட்டிய வீட்டிலிருந்து, மழை பெய்யும் தோட்டம் வழியாக, வெயில் மின்னும் கடலுக்குக் கேமரா போய்ச் சேருகிற ஒரு பகுதிக்காகவே அதைப் பார்க்கலாம். 'சன்செட் சாங்' (2015) எனக்குக் கொஞ்சம் இழுவை. வெளிப்புறக் காட்சிகளை 65 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்திருக்கிறார், வயல்கள் பிரமாதம், மனிதர்கள்தான் எட்டத்திலேயே நிற்கிறார்கள்.

'தி டீப் ப்ளூ சீ' (2011) வேறு ரகம். அதில் பப்பில் எல்லோரும் சேர்ந்து 'யூ பிலாங் டு மீ' பாடுவார்கள், குத்துமதிப்பான சுருதியில். நாயகியாக வரும் ரேச்சல் வைஸுக்கு வார்த்தை சரியாகத் தெரியாது, காதலன் வாயைப் பார்த்துப் பாடுவாள். அந்தக் கூட்டக் குரல் அப்படியே பாடகி ஜோ ஸ்டாஃபோர்டின் இசைத்தட்டாக மாறும், இருவரும் நடனமாடிக்கொண்டிருப்பார்கள். கட்டிப்பிடித்திருக்கும் அவர்களில் யார் யாரை அதிகம் நேசிக்கிறார் என்பது அந்த ஒரு நடனத்தில் தெரிந்துவிடும். அடுத்து, போர்க்கால நினைவு: ஆல்டுவிச் சுரங்க ரயில் நிலையத்தில் குண்டுக்குப் பயந்து ஒதுங்கியவர்களைக் கடந்து கேமரா நடைமேடை நெடுக நகர, ஒருவர் 'மோலி மலோன்' பாட மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். 1988 படத்தின் பதுங்கிடம் இங்கே பெரிதாகி வந்திருக்கிறது, அப்பாவின் அடி மட்டும் இல்லை.

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் பற்றிய 'எ குவைட் பேஷன்' (2016) எனக்கு மிகப் பிடித்தது. எமிலியின் குடும்பத்தார் ஒவ்வொருவராகப் புகைப்படம் எடுக்க உட்காருகிறார்கள். கேமரா மெல்ல முகத்தை நெருங்க நெருங்க, இளம் முகம் நம் கண் முன்னாலேயே வயதான முகமாகிறது. 'இருபது ஆண்டுகளுக்குப் பிறகு' என்று எழுத்துப் போட்டால் இரண்டு விநாடியில் முடிகிற காரியம். ஆனால் அப்படிப் போடும்போது காலம் வெளியே எங்கோ கழிந்துவிடும். இங்கே அது தோலுக்கு அடியில் கழிகிறது. சிரிக்கச் சொல்கிறார்கள், சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அப்பா விறைப்பாகப் பதில் சொல்கிற நகைச்சுவையும் அதே காட்சியில்தான். டேவிஸ் படங்களில் சிரிப்பு உண்டு என்பதைத் தரைவிரிப்பு பார்த்து ஓடியவர்கள் நம்ப மாட்டார்கள்.

2021இல் 'பெனடிக்‌ஷன்', போர்க் கவிஞர் சிக்ஃப்ரிட் சசூனைப் பற்றி. 2023 அக்டோபரில் எழுபத்தேழு வயதில் டேவிஸ் இறந்தார், 'பெனடிக்‌ஷன்'தான் அவருடைய கடைசி முழுநீளப் படம் ஆனது.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: 'டிஸ்டன்ட் வாய்சஸ்' முதலில். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவுதான், ஆகவே நேரமில்லை என்ற சாக்கு செல்லாது. கண்டிப்பாக ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். பாதிப் படம் காதில்தான் நடக்கிறது, லேப்டாப் ஸ்பீக்கரில் அந்த மாடிப்படிக் குரல்கள் சுத்தமாகக் கேட்காது. யார் யாருக்கு என்ன உறவு என்று முதல் இருபது நிமிடம் குழம்பும், குழம்பட்டும். அது பிடித்திருந்தால் 'லாங் டே', அப்புறம் 'எ குவைட் பேஷன்'. பழைய மூன்று படங்களைக் கடைசியாக, தனித்தனி நாட்களில். தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வேண்டாம்.